பழையது மூன்று, புதியது ஒன்று

விடியற்காலையில் அரைத் தூக்கத்தில் நான் எண்களை முணுமுணுக்கிறேன் என்று மருமகள் சொல்கிறாள். நூற்று எழுபது, நூற்று எழுபத்தொன்று என்று போகுமாம். காபியோடு வந்து, "மாமா, இன்னைக்கு எவ்வளவு வரைக்கும் போனீங்க?" என்று கேட்பாள். எனக்குத் தெரியாது. விழித்ததும் எண்கள் போய்விடும். மிச்சமிருப்பது ஒரு சிவப்பு வெளிச்சம், புளித்த மருந்து வாசனை, விரல் நுனியில் குளிர். ஒன்பதாவது மாடி ஜன்னலுக்குக் கீழே வைட்ஃபீல்ட் சாலையில் ஆபீஸ் பஸ்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் பின்பக்கச் சிவப்பு விளக்குகளைப் பார்த்தபடி, எந்த வருடத்தில் இருக்கிறேன் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். பிறகு எழுந்து போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். மூன்று தடவை.

நான் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்தவன். முப்பத்தொரு வருடம், ஒரே ஆஸ்பத்திரி. விவேக் நகரில் நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டிலிருந்து ஆயிரத்து எண்ணூற்று நாற்பது காலடி. மழைநாளில் குட்டைகளைச் சுற்றிப் போவதால் இன்னும் அறுபது கூடும். பெரிய ஆஸ்பத்திரி இல்லை. கேஷுவாலிட்டியிலிருந்து என் அறைக்கு ஒரு நீண்ட நடைவழி, இருபத்திரண்டு எட்டு தூரம். அறைக் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. அது எரியும்போது யாரும் உள்ளே வரக் கூடாது, கதிர் படும் என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. பீடி பிடிக்கக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று அங்கே எத்தனையோ பலகைகள். எல்லாவற்றையும் எல்லோரும் மீறினார்கள். அந்த பல்பை மட்டும் ஒருவரும் மீறியதில்லை.

அறைக்குள் இன்னொரு அறை, படம் கழுவும் இருட்டறை. அங்கேயும் மங்கலான ஒரு சிவப்பு விளக்கு. கம்பிச் சட்டத்தில் ஃபிலிமை மாட்டி மருந்துத் தொட்டிக்குள் இறக்கி, எண்ண ஆரம்பிப்பேன். சுவரில் கடிகாரம் இருந்தது. அதை நான் நம்பியதில்லை. வெயில் காலத்தில் இருநூற்று நாற்பது, டிசம்பர் குளிரில் முன்னூறைத் தாண்டும். எண்பதை நெருங்கும்போது பால் போன்ற ஃபிலிமில் கருமை படரும். நுரையீரல்கள் இரண்டு மழைமேகங்களாகத் திரளும். அவற்றுக்கிடையிலிருந்து எலும்புகள் ஒவ்வொன்றாக, ஏரியில் தண்ணீர் வற்றும்போது தெரிகிற படிக்கட்டுகளைப் போல, வெளியே வரும். அந்த நேரத்தில் எனக்கு உடம்பே இருக்காது. எண்கள் மட்டும் இருக்கும்.

மார்புப் படமாக இருந்தால் விலா எலும்புகளை எண்ணுவேன். இந்தப் பக்கம் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பன்னிரண்டு. அது என் வேலை இல்லை. எண்ணாவிட்டால் மனம் ஆறாது, அவ்வளவுதான்.

அந்தப் பெண் முதலில் வந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தூறல் நாளில். தேதி மறக்கிறவன் அல்ல நான். ஆனால் இந்த நினைவில் மட்டும் நாட்கள் ஈர ஃபிலிம்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். தர்மபுரிப் பக்கத்துப் பெண். கணவன் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவளுக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவனுக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. எங்கள் டாக்டர் கன்னடக்காரர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், நல்ல மனிதர்.

"ஏனாயித்தம்மா?" என்று டாக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். என்ன ஆச்சு என்று.

"பாத்ரூமல்லி ஜாரி பித்லு சார்" என்றான் கணவன். வழுக்கி விழுந்தாள் என்று. அவள் அவனுடைய உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் அறை வாசலில் அவனே குனிந்து அவள் செருப்பைக் கழற்றி, ஓரமாகச் சேர்த்து வைத்தான். அவள் நனையாமல் குடையைப் பிடித்திருந்ததில் அவனுடைய ஒரு தோள் முழுக்க ஈரம். அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னேன். "இந்தக் காலத்துல பொண்டாட்டி செருப்பை எடுத்து வைக்கிற ஆம்பளைய இன்னைக்குத்தான் பார்த்தேன்."

"ஏன், நீங்க என் செருப்பைத் தொட்டதே இல்லையே" என்றாள் என் மனைவி. "பாக்கிறதோட சரியா?"

படத்தில், முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் முறிந்திருந்தது. வழுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். மணிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் உடையும். நடுவில் அந்த ஒரு எலும்பு மட்டும் உடைவது, முகத்துக்கு நேரே வருவதைத் தடுக்கக் கையைத் தூக்குகிறவர்களுக்கு. போலீஸ் லத்தி பட்டவர்களிடம் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று என்னை உறுத்தியது வேறு: இடது கை என்று காட்டுவதற்காக ஃபிலிம் ஓரத்தில் நான் வைத்த ஈய எழுத்து கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது. அந்தச் சாய்வை நினைத்து அன்று முழுவதும் வருத்தப்பட்டேன்.

ஐந்து மாதம் கழித்து இரண்டாம் தடவை வந்தார்கள். மார்பு வலி. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டாள் என்று கன்னடத்தில் சொல்லப்பட்டது. படம் எடுத்து, இருட்டறைக்குள் போய், ஃபிலிமை இறக்கினேன். நூற்று இருபதில் மேகங்கள் திரண்டன. எலும்புகள் மேலே வந்தன. எண்ணினேன். இடது பக்கம் ஆறாவது எலும்பில் ஒரு முடிச்சு இருந்தது. முறிந்த எலும்பு தானாகக் கூடும்போது அப்படித்தான் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ஏழாவதிலும் ஒன்று, எட்டாவதிலும் ஒன்று. ஒன்று வழவழப்பாகத் தேய்ந்து பழசாகியிருந்தது, ஒன்று நடுத்தரம், மற்றது பஞ்சு போல இன்னும் இளசு. வலது பக்கத்தில் ஒன்பதாவதில் மயிரிழை போல ஒரு புதுக் கோடு. ஒரே விழுகையில் நான்கு வெவ்வேறு வயதுள்ள முறிவுகள் வராது.

சிவப்பு வெளிச்சத்தில் அவை மிதப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எண்ணிக்கை தப்பிப்போயிற்று. எங்கே விட்டேன் என்று தெரியாமல் ஃபிலிமைத் தூக்கினேன். முப்பத்தொரு வருடத்தில் அது ஒரு தடவைதான்.

படத்தில் என்ன தெரிகிறது என்று டெக்னீஷியன் சொல்லக் கூடாது. அது டாக்டரின் வேலை. ஃபிலிமைப் பழுப்புக் கவரில் போட்டு, கூட வந்தவர் கையில் கொடுத்தால், அவர் நடையைக் கடந்து டாக்டரிடம் கொண்டுபோவார். எல்லா நோயாளிகளுக்கும் அதுதான் வழக்கம். அன்று அந்தக் கவரின் மேல் பென்சிலால் மூன்று வரி எழுதினேன். பழைய முறிவு மூன்று. புதியது ஒன்று. தயவுசெய்து விசாரிக்கவும். ஆங்கிலத்தில் எழுதினேன். பாக்டரியில் வேலை செய்கிறவனுக்கு அது எங்கே புரியப்போகிறது, டாக்டருக்கு மட்டும் போய்ச் சேரும் என்று நினைத்தேன். கொஞ்சம் படித்தவனுக்கு வருகிற கொழுப்பு அது. எழுதிவிட்டு, வழக்கப்படி, அவன் கையிலேயே கொடுத்தேன்.

வாசலில் நின்று பார்த்தேன். அவன் முன்னால், அவள் மூன்று எட்டு பின்னால். ஒன்பதாவது எட்டில் அவன் நடை தளர்ந்தது. பதினான்காவதில் நின்றான். கவரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, அதே மரியாதையோடு, "தேங்க்ஸ் சார்" என்றான். டாக்டர் அறையைத் தாண்டி, கேஷுவாலிட்டியைத் தாண்டி, வெளியே போனான். அவளும் போனாள். நான் கேட்டுக்கு ஓடி வருவதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. மழை நின்ற வெயிலில் சாலை கண்ணாடி மாதிரி கிடந்தது.

கேஷுவாலிட்டியில் அப்போது இருந்த சிஸ்டர் எங்கள் விவேக் நகர்க்காரர், கோயிலுக்குப் பின் தெருவில் வீடு. என்னை விடப் பத்து வயது சின்னவர். யாரையும் திட்டத் தயங்காதவர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணா, அந்தக் கவரை அவன் கையிலயா குடுத்தீங்க?"

"வழக்கமா அப்படித்தான..."

"ஆட்டைப் பத்திச் சீட்டெழுதிப் புலிகிட்டயே குடுத்தனுப்பியிருக்கீங்க."

"டாக்டர் பார்த்தா கேப்பாருன்னு நெனச்சேன் சிஸ்டர்."

"அவர் யாரைக் கேப்பாரு? அவனைத்தான். அவன் கன்னடத்துல அழகா ஒரு கதை சொல்லுவான்." கையிலிருந்த துணிச் சுருளை மேஜையில் போட்டார். "உங்களை மட்டும் சொல்லி என்ன. தமிழ்க்காரி நான், ரெண்டு தடவையும் அவ பக்கத்துலதான் நின்னேன். ஒரு வார்த்தை கேட்டேனா? கட்டுப் போட்டேன், அனுப்பிட்டேன்."

பதிவேட்டில் முகவரி என்ற இடத்தில் ஹெப்பகோடி என்று மட்டும் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அங்கே போனேன். வரிசை வரிசையாகத் தகரக் கூரை வீடுகள், வாசலில் காயும் யூனிஃபார்ம்கள், எல்லா ரேடியோவிலும் தமிழ். நூற்றுப் பதினாறு கதவுகள் வரை எண்ணினேன். ஒரு கதவையும் தட்டவில்லை. திங்கட்கிழமை சிஸ்டரிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"தட்டி என்ன சொல்லுவீங்க? எக்ஸ்ரே மாமா வந்திருக்கேன்னா? நீங்க அவ வாசல்ல நின்னா அடி அவளுக்குத்தான் விழும். கேக்கணும்னா அவன் இல்லாத எடத்துல கேக்கணும். அவ கிட்ட கேக்கணும்."

"இந்த ஆஸ்பத்திரியில அவன் வராத இடம் எது?"

சொல்லிவிட்டு நானே நடையின் கோடியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். யாருக்கோ கால் படம் எடுக்க வேண்டி நான் போட்டுவிட்டு வந்த பல்பு அங்கே எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கால்காரர் உள்ளே பத்து நிமிடமாகப் படுத்துக் கிடந்தார்.

டாக்டரிடம் சொல்வதற்கு மூன்று நாள் பிடித்தது. முதலில் அவருக்குக் கோபம் வந்தது. எத்தனை வருஷமாக வைத்தியம் பார்க்கிறேன், எனக்கா தெரியாது என்றார். கையில் படம் இல்லை. அதனால் ஒரு தாளில் இருபத்து நான்கு விலா எலும்புகளையும் வரைந்து, முடிச்சுகளைப் போட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "நான் அவளை நோடிதான் கேட்டேன்" என்றார் அவருடைய தமிழில், பார்த்து என்பதற்கு நோடி என்று. "பதில் மட்டும் அவன்கிட்ட வாங்கினேன்." அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு முறை மாறியது. காயத்துக்கும் கதைக்கும் பொருந்தாமல் ஒரு பெண் வந்தால், சிஸ்டர் எக்ஸ்ரே சீட்டோடு தானே வருவார். பேஷன்டைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூட வந்தவரிடம் சொல்லுவார். கதவைச் சாத்தி நான் பல்பைப் போடுவேன். படம் எடுத்தபின் ஃபிலிமோடு இருட்டறைக்குள் போய்விடுவேன். அங்கே எண்ணுவேன், நானூற்று எண்பது வரை. எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தில் சிஸ்டர் கேட்பது ஒரே கேள்வி: "வீட்ல யாராவது உங்க மேல கை வைக்கிறாங்களா?" அதற்குப் பிறகு அவர் பேச மாட்டார். ஃபிலிம்களை அதிலிருந்து ஆயாதான் டாக்டரிடம் கொண்டுபோனார். கவரின் மேல் பெயரும் எண்ணும் தவிர ஒன்றும் இருக்காது.

ஒரு தடவை, "போலீஸுக்குச் சொல்லிடலாமே சிஸ்டர்" என்றேன்.

"அவ சொல்லச் சொன்னா சொல்லலாம். சாயங்காலம் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகப்போறது அவ. நீங்க இல்ல."

கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்காது. சில சமயம் மூக்கு உறிஞ்சும் ஒலி மட்டும் வரும். சிவப்பு நீருக்குள் நிற்பது போல நான் நிற்பேன். என் கையில் ஒரு எலும்பு மெல்ல உருவாகிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் ஒரு சொல் உருவாகிறதோ இல்லையோ தெரியாது. ஒரு வருடத்தில் பத்துப் பேர். ஆறு பேர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பேர் அழுதார்கள். ஒருத்தி சிரித்துவிட்டு, "இதைக் கேக்கறதுக்கா லைட்டெல்லாம் போட்டீங்க?" என்றாளாம். பதினொன்றாவதாக அந்தப் பெண் வந்தாள்.

வாசலில் செருப்புச் சேர்த்து வைக்கும் ஒலி கேட்டுத் திரும்பினேன். அவன்தான். "சார், நல்லா இருக்கீங்களா?" என்றான். அவளுடைய இடது தாடை வீங்கி, முகம் வேறொருவருடையது போல இருந்தது. கண்களை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். சுவிட்சைத் தேடி என் கை சுவரில் அலைந்தது. சிஸ்டர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பல்பு எரிந்தது.

எந்தப் பெண்ணிடமும் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "கடைசியாத் தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சும்மா?"

அவள் இரண்டு விரல்களைக் காட்டினாள்.

"ரெண்டு நாளா?"

தலையை அசைத்தாள். "மாசம்." பிறகு கதவைப் பார்த்து, "அவருக்குத் தெரியாது" என்றாள்.

படம் எடுக்க முடியாது. இயந்திரத்தை அணைத்தேன். பல்பை அணைக்கவில்லை. வெறுங்கையோடு இருட்டறைக்குள் போய், கழுவ ஒன்றும் இல்லாத தொட்டியின் முன் நின்று எண்ணினேன். முன்னூற்றுப் பத்தில் சிஸ்டர் கதவைத் தட்டினார். "அண்ணா, வெளிய வாங்க. உங்ககிட்டப் பேசணுமாம்."

அவள் மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வாயை அதிகம் திறக்காமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள்.

"அன்னைக்குக் கவர்ல எழுதினது நீங்கதான?"

"ஆமாம்மா."

"நானும் படிச்சேன். பிளஸ் டூ பாஸ் பண்ணியிருக்கேன். அந்த மூணு வரிக்கும் வீட்ல தனியா வாங்கினேன்."

சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"ஆனா தப்பா எண்ணியிருக்கீங்க சார்" என்றாள். "பழசு மூணு இல்ல. நாலு."

கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகெலும்புக்கு இடது பக்கம் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அந்த இடம் படத்தில் இதயத்தின் நிழலுக்குப் பின்னால் போய்விடும். அங்கே மறைந்திருந்தால் நேர்ப்படத்தில் தெரியாது. சாய்த்துப் படுக்க வைத்து இன்னொன்று எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை.

"நான் ஒருத்திதான் எண்ணிக்கிட்டிருக்கேன்னு நெனச்சிருந்தேன்" என்றாள். "அதான் இங்கயே வரணும்னு சொன்னேன். பழைய படம் இங்க எடுத்தது, அவங்க ஒத்துப் பாப்பாங்கன்னு சொல்லிக் கூட்டிட்டு வரவெச்சேன்."

"உனக்கு என்னம்மா வேணும்? நீ சொல்லு" என்றார் சிஸ்டர்.

அவள் வயிற்றின் மேல் கை வைத்தாள். "போன தடவை ஒண்ணு தங்கல. இது தங்கணும். இன்னைக்கு அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. அரூர்ல எங்க அண்ணன் இருக்காரு. பக்கத்துக் கடை போன் நம்பர் மனப்பாடம். பேச விட்டா போதும்."

கதவு தட்டப்பட்டது. "சார், ஆயிடுச்சா?"

முகம் தெரியும் அளவுக்கு மட்டும் திறந்தேன். என் வாழ்நாளில் வேலை விஷயத்தில் நான் பொய் சொன்னதில்லை. ஃபிலிம் கெட்டுப்போனால் என்னால்தான் கெட்டது என்று எழுதி வைக்கிறவன். "ஒரு படம் எடுத்தாச்சு. இன்னொரு பக்கம் பாக்கி. அப்புறம் காயணும். நாற்பது நிமிஷம் ஆகும்."

"போன தடவை ஈரமாவே குடுத்தீங்களே சார்."

"ஈரமாக் குடுத்தா ஒட்டிக்குது. டாக்டர் திட்டறாரு."

அவன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். பிறகு தலைக்கு மேலே எரியும் பல்பைப் பார்த்தான். இரண்டு எட்டு பின்னால் போனான். பெஞ்சில் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டான்.

இருட்டறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. மருந்துக் கேன்கள் வருவதற்காக வைத்தது. சிஸ்டர் அவளை அதன் வழியாக ஆபீஸ் அறைக்குக் கூட்டிப் போனார். நான் மட்டும் உள்ளே இருந்தேன். வெறும் கம்பிச் சட்டத்தைக் கொக்கியில் மாட்டி, அது காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் நாலு கம்பிகளுக்கு நடுவே சுவர்தான் தெரிந்தது. ஆனாலும் எண்ணிக்கொண்டே பார்த்தபோது, அந்தச் சதுரத்துக்குள் என்னவோ மெல்ல வந்துகொண்டிருப்பது போலவே இருந்தது. ஆயிரத்து இருநூறில் அவர்கள் திரும்பி வந்தார்கள். அண்ணன் கிடைத்துவிட்டார். அதிகம் பேசவில்லையாம். "வரேன்" என்று மட்டும் சொன்னாராம்.

டாக்டரும் அந்த வழியாகவே வந்தார். இயந்திரம் இல்லாமல், இரண்டு கைகளாலும் அவள் தாடையைப் பிடித்து, மெதுவாகத் திறந்து மூடிப் பார்த்தார். எலும்பு உடையவில்லை என்றார். வீங்கிய முகத்துக்கு நேரே குனிந்தார். சிஸ்டர் மொழிபெயர்க்க வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் சேர்த்தார். "அம்மா. நீ சொல்லு. இங்க இரு? இல்ல, மனெக்கி... வீட்டுக்கு போ?"

"இருக்கேன் சார்."

அவர் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். அந்தத் தாள் இன்னும் அதில் இருந்ததா என்று நான் கேட்டதில்லை.

வெளியே போய் அவனிடம் சொன்னது டாக்டர்தான். அவள் கேட்டாள் என்று சொல்லவில்லை. தன் முடிவாகச் சொன்னார். தாடை மூட்டில் சந்தேகம், இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும்.

"மனேலே நோட்கோத்தீனி சார்" என்றான் அவன். வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று. சிரித்துக்கொண்டே மூன்று தடவை சொன்னான். டாக்டர் மூன்று தடவையும் தலையை ஆட்டி மறுத்தார்.

"லேடீஸ் வார்டு" என்றார் சிஸ்டர். "ஆம்பளைங்க நாலுலேர்ந்து ஆறு வரைக்கும்தான். நாளைக்கு வாங்க தம்பி."

"படத்தையாவது குடுங்க சார்" என்று என்னிடம் கையை நீட்டினான்.

"அட்மிட் ஆனா படம் ஆஸ்பத்திரியிலதான் இருக்கும்." இது பொய்யில்லை.

அவன் நீட்டிய கையை மடக்கினான். குனிந்தான். வாசலில் சேர்த்து வைத்திருந்த அவள் செருப்புகளை எடுத்தான். "இங்க தொலைஞ்சு போயிடும்" என்று சொல்லி, குடையோடு சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போனான். இருபத்திரண்டு எட்டும் நான் பார்த்தேன். முதல் நாள் அந்தச் செருப்பைப் பார்த்து என்ன புரிந்துகொண்டேனோ, அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த இரண்டு நாளும் நாலு மணிக்கு வந்தான். பிஸ்கட் கொண்டு வந்தான். செருப்பு கொண்டு வரவில்லை. அவன் இருந்த நேரம் முழுக்க சிஸ்டர் அடுத்த கட்டிலில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, என் மனைவியின் செருப்பைக் குனிந்து எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினேன். நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தேன்.

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல இன்னைக்குத்தான் தொட்டிருக்கீங்க" என்றாள். பிறகு, "இருங்க, அது வார் அறுந்துடும். புதுசை எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

பதினோரு மணிக்கு அண்ணன் வந்தார். வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை, தூங்காத கண்கள். டாக்டர் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார்: எங்கெங்கே, எத்தனை, எவ்வளவு பழையது, அவள் வாயால் சொன்னது என்ன. ஒன்று ஆஸ்பத்திரியில், ஒன்று அவளிடம். அவள் அதைப் பிரித்து முழுக்கப் படித்தாள். நாலு என்று இருந்த இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். என் மனைவியின் செருப்பு அவளுக்கு ஒரு அங்குலம் பெரிது. நடையில் அவள் போகப் போக, டப் டப் என்று ஒலி பின்னால் வந்தது. எண்ணினேன். அவளுக்கு முப்பத்தோரு எட்டு ஆயிற்று. வலியோடு நடக்கிறவர்களுக்கு எட்டு சின்னது.

அவர்கள் போன பிறகு பழைய பதிவேட்டை எடுத்தேன். அவளுடைய மார்புப் படத்துக்கு நேரே, ஓரத்தில், பென்சிலில் நான் போட்டிருந்த மூன்றை அடித்து, பேனாவால் நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டில் எண் மட்டும் ஏறி, எடுக்கவே எடுக்காத அந்தத் தாடைப் படத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்படியே விட்டேன். இப்போதும் சில சமயம் அது என்னை எழுப்பும்.

கணவன் நாலு மணிக்கு வந்தான். சத்தம் போட்டான். கண்ணாடி ஒன்று உடைந்தது. என்னிடம் வந்து, "படிச்சவன் புத்திய காட்டிட்டே இல்ல?" என்றான். பல்பு எரிந்துகொண்டிருந்ததால் வாசலுக்கு வெளியிலேயே நின்று கேட்டான். பிறகு அவன் வரவில்லை.

அடுத்த வருடம், ஜகரந்தா பூத்துச் சாலையெல்லாம் ஊதாவாகக் கிடந்த ஒரு நாள், கேஷுவாலிட்டியில் ஒரு பொட்டலம் இருந்தது. வேட்டி கட்டிய ஒருவர் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாராம். உள்ளே என் மனைவியின் செருப்பு. கழுவித் துடைத்திருந்தது. கடிதம் ஏதும் இல்லை. புரட்டிப் பார்த்தேன். இரண்டு குதிகாலிலும் அடி நன்றாகத் தேய்ந்து, ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கொடுத்தபோது அது புத்தம் புதிய செருப்பு. அவ்வளவு தேய எத்தனை எட்டு நடந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தொடங்கினேன். கிணற்றடிக்கு, கடைத்தெருவுக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். எந்த ஊர், எந்தத் தெரு, இடுப்பில் குழந்தை இருந்ததா இல்லையா, எதுவும் எனக்குத் தெரியாது. பாதியில் விட்டுவிட்டேன்.